ஒன்றின் மேல் ஒன்றாக ஒட்டிய கடிதம்

பசை காய்ச்சுவது, தாளைத் தேயிலைச் சாயத்தில் நனைத்துப் பழசாக்குவது, முத்திரை வெட்டுவது இதெல்லாம் இந்த வேலைக்குப் புதிதாக வந்திருக்கும் உங்கள் மூன்று பேருக்கும் யாராவது சொல்லித் தருவார்கள். ஒரு வாரம் போதும். முப்பது வருடம் சினிமாவுக்குப் பொய்க் கடிதம் எழுதிவிட்டு, இப்போது ஹட்டனில் சும்மா உட்கார்ந்திருக்கும் என்னிடம் நீங்கள் கேட்டது வேறு. விஞ்ஞானப் படத்தில் எல்லாம் கம்ப்யூட்டர்தானே அக்கா, அதில் கடிதத்துக்கு என்ன வேலை என்று கேட்டீர்கள். அன்றைக்குச் சிரித்து மழுப்பிவிட்டேன். அது நியாயமில்லை என்று பிறகு பட்டது. அதனால்தான் இதை எழுதுகிறேன்.

நான் வேலை செய்த விஞ்ஞானப் படங்கள் நாலு. நாலிலும் ஆளைப் பயமுறுத்தியது தாள்தான். விண்கலம் வெடித்தால் சனம் சோளப்பொரி சாப்பிட்டுக்கொண்டு பார்க்கும். கரண்ட் போய், எல்லாத் திரையும் அணைந்து, சுவரில் கரிக்கட்டியால் யாரோ 'கதவைத் திறக்காதே' என்று எழுதியிருப்பது தெரியும்போதுதான் கை சோளப்பொரிப் பெட்டிக்குள் அப்படியே நிற்கும். குடும்பப் படத்தில் கடிதம் எழுதியவர் வேறு ஊரில் இருப்பார். பதில் போடலாம், பஸ் ஏறிப் போய்ச் சண்டையும் போடலாம். இந்த மாதிரிப் படத்தில் எழுதியவர் செத்திருப்பார், இல்லாவிட்டால் இன்னும் பிறந்திருக்கமாட்டார். திருப்பி ஒரு கேள்வி கேட்க வழியில்லை. அவர் சொன்னதை நம்புவதா இல்லையா என்பதை நீங்களே முடிவு செய்ய வேண்டும்.

இது எனக்கு முதலிலேயே தெரிந்திருக்கவில்லை. முதல் விஞ்ஞானப் படத்தில், மூச்சு விடக் காற்றுத் தீர்ந்துபோகும் ஒருவன் மனைவிக்கு எழுதும் கடிதம் என் வேலை. போர்டு எழுதும் கடையில் பழகிய கை என்பதால் அச்சடித்த மாதிரி எழுதிக் கொடுத்தேன். டைரக்டர் அதை வாங்கிப் பார்த்துவிட்டு, "இந்த ஆளுக்கு இன்னும் பத்து நிமிஷம்தான் உயிர். இவன் ஓரத்தில் கோடு போட்டு எழுதுவானா?" என்று கேட்டார். எல்லார் முன்னாலும் கேட்டார். எனக்குக் கோபம் சீக்கிரம் வரும், உங்களுக்கே தெரியும். மேசைக்குப் பின்னால் போய் அழுதுவிட்டு, இடது கையால் எழுதிக் கொண்டுவந்து நீட்டினேன். அன்றிலிருந்து பயந்தவன் கடிதம் என்றால் எனக்கு இடது கை. அந்தக் கையெழுத்தைப் பற்றி எனக்குப் பெரிய பெருமை இருந்தது. அந்தப் பெருமையில் செய்த காரியத்தைத்தான் சொல்லப் போகிறேன்.

நாலாவது படம் பூண்டுலோயாப் பக்கம் ஒரு தேயிலைத் தோட்டத்தின் மேல் டிவிசனில் எடுத்தது. கதை இதுதான். மலை சரிந்து, தொழிலாளர் வீடுகள் வரிசையாக ஒட்டிய ஒரு லயமே மண்ணுக்குள் போகிறது. ஒரே ஒரு கைக்குழந்தை பிழைக்கிறது. அந்தக் குழந்தை கிழவியான காலத்தில், காலத்தைப் பின்னுக்குத் தாண்டிக் கடிதம் அனுப்ப ஒரு வழி கண்டுபிடித்துவிடுகிறார்கள். அவள் தன் லயத்துக்கு எழுதுகிறாள். 'இந்த மலை இறங்கப் போகிறது. பிள்ளைகளைத் தூக்கிக்கொண்டு இறங்குங்கள். சாமான்களைத் தேடாதீர்கள்.' எழுதியது என் இடது கை. நானும் அந்தப் பக்கத்து லயத்தில் பிறந்தவள்தான். நன்றாக வந்திருந்தது.

எட்டுக் குடும்பத்துக்கு எட்டுக் காம்பரா உள்ள லயம். கடைசிக் காம்பராக்காரர்கள் கொழும்பில் வேலைக்குப் போய்ப் பல மாதம் ஆகிவிட்டதால் அது பூட்டிக் கிடந்தது. அந்தக் கதவில்தான் கடிதத்தை ஒட்டினோம். பாதி கதவிலும் பாதி நிலையிலுமாக ஒட்டச் சொன்னார் டைரக்டர். கதாநாயகன் கதவைத் திறக்கும்போது கடிதம் நடுவில் கிழிய வேண்டுமாம். நல்ல யோசனைதான்.

நானும் ஒரு யோசனை சொன்னேன். தோட்டத்தில் சுவரில் ஒட்டும் தாளை யாரும் பெரிதாக எடுக்கமாட்டார்கள். காலையில் வேலை பிரித்துக் கொடுக்கும் பெரட்டுக்களத்தில் எல்லாரும் வரிசையாக நிற்கும்போது கணக்கப்பிள்ளை வாயால் சொன்னால்தான் அது செய்தி. எந்த மலையில் கொழுந்து, யாருக்குத் தண்ணீர் வடியக் கான் வெட்டு, என்றைக்குச் சம்பளம், எல்லாமே அங்கேதான். ஆகவே கடிதத்தைப் பெரட்டில் வாசிப்பதுபோல் எடுங்கள், நடிகர் வேண்டாம், நிஜக் கணக்கப்பிள்ளையே வாசிக்கட்டும் என்றேன். டைரக்டருக்கு அது மிகவும் பிடித்துப்போனது. தோட்டத்துச் சனங்களே நின்றார்கள். கடிதத்தைக் கேட்டு யாரும் நம்பாமல் சிரிப்பதுதான் காட்சி.

ஏழு தடவை எடுத்தோம். டைரக்டர் சிங்களத்தில் "தவ எகக்" என்பார். நான் அதைத் தமிழாக்கி, "இன்னும் ஒரு வாட்டிங்க, நல்லாச் சிரிங்க" என்று கத்துவேன். முதலில் கூச்சப்பட்டவர்கள் நாலாவது தடவைக்கு மேல் கணக்கப்பிள்ளை தாளைக் கையில் எடுத்ததுமே சிரிக்க ஆரம்பித்தார்கள். முன்வரிசையில் மகேஸ்வரி. ஏழாவது காம்பராக்காரி, நிறைமாதம். வயிற்றைப் பிடித்துக்கொண்டு அவள் சிரித்த சிரிப்புத்தான் படத்தில் இருக்கிறது.

அன்று பின்நேரமே மழை பிடித்தது. கதவு கிழியும் காட்சி பாக்கி. எல்லாரும் கீழே இறங்கிப் போய்விட்டோம். மழை விடாமல் பெய்தது. பன்னிரண்டு நாள் கழித்து ஒரு காலை வெளுத்திருந்ததால், அந்தக் கடிதத்தை மட்டும் கிட்டத்தில் எடுத்துவரச் சொல்லி எங்களை அனுப்பினார்கள். நான், கமராக்காரத் தம்பி, வேன் டிரைவர், மூன்று பேர்தான். கையில் கடிதத்தின் இன்னும் சில பிரதிகள், ஒரு டப்பா பசை.

ஒன்பது மணி இருக்கும். சனம் எல்லாம் கொழுந்து பறிக்கப் போயிருந்தது. லயத்தில் ஒரு சத்தமும் இல்லை. போய்ப் பார்த்தால் கடிதம் கிழிந்திருக்கிறது. மேலிருந்து கீழாகச் சரிவாக ஒரு கிழிசல்.

எனக்கு ஆத்திரம் தாங்கவில்லை. அடுத்த வாசலில் மகேஸ்வரி நின்றாள். கையில் பச்சைக் குழந்தை, பிறந்து ஒன்பது நாள். பிள்ளை பெற்ற தீட்டு, முப்பத்தொன்று, கழியாததால் அவள் வாசற்படியைத் தாண்டவில்லை. உள்ளே நின்றபடியே எட்டிப் பார்த்தாள்.

"மகேசு, இந்தத் தாள யாரு கிழிச்சது?"

"அங்கிட்டு யாருக்கா போறா. பூட்டுன காம்பராங்க. கோழிகூடப் போறதில்ல."

"அப்ப தானா கிழிஞ்சிருச்சா?"

"காத்தா இருக்கும்ங்க."

காற்றுப் புகாத இடம் அது. நான் போனில் இருந்த பழைய படத்தை எடுத்துப் பார்த்தேன். முன்பு எடுத்ததும் இப்போது இருப்பதும் ஒத்துப்போகிறதா என்று பார்ப்பது நம் வேலையின் அரிச்சுவடி. படத்தில் கதவுக்கும் நிலைக்கும் நடுவில் ஊசி போகாது. இப்போது என் சுண்டுவிரல் போனது. விரலை விட்டுப் பார்த்தேன் என்று சொல்கிறேன், கவனியுங்கள். பார்க்காமல் இல்லை. ஈரத்துக்கு மரம் வளைந்துகொண்டது என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். கிழிந்த கடிதத்தின் மேலேயே புதுக் கடிதம் ஒன்றை ஒட்டி, உள்ளங்கையால் தடவிச் சமப்படுத்தினேன். அதுவும் மகேஸ்வரி உள்ளே போயிருந்த நேரத்தில். வேலை சுத்தமாக இருந்தது. அடியில் கிழிசல் இருப்பது யாருக்கும் தெரியாது.

அதற்குள் மிஸ்ட் இறங்கிவிட்டது. வெளிச்சம் வரட்டும் என்றான் கமராக்காரத் தம்பி. பிளாஸ்கில் இருந்த தேத்தண்ணியை ஊற்றிக் குடித்துக்கொண்டு மகேஸ்வரியின் வாசலில் உட்கார்ந்தேன். அவளுக்குப் பேச ஆள் கிடைத்த சந்தோசம்.

"அக்கா, நேத்துப் பெரட்டுல நெசத் தாளு ஒண்ணு வாசிச்சாங்களாம். கிராம சேவகர் கொண்டாந்து குடுத்தாராம். மண்ணு சரியலாம், எல்லாரும் கீழ ஸ்கூலுக்குப் போயிருங்கன்னு."

"அப்புறம்?"

"அப்புறம் என்னா, கணக்கப்புள்ள தாளத் தூக்குனதும் எல்லாம் சிரிச்சிருச்சிங்களாம். எத்தனாவது வாட்டிண்ணேன்னு யாரோ கேட்டுருக்காங்க. அவருக்கே சிரிப்பு வந்து மடிச்சுப் பையில வச்சிக்கிட்டாராம்."

நானும் சிரித்தேன். இதை மறைக்கப் போவதில்லை. முன்பும் இரண்டு தடவை ஸ்கூலுக்குப் போகச் சொல்லிப் போனார்களாம். ஒன்றும் நடக்கவில்லை, திரும்பி வந்தபோது கோழிகள்தான் காணாமல் போயிருந்தன என்றாள்.

"பீலித் தண்ணி வேற செம்மண்ணா வருதுக்கா. புள்ளயக் குளிப்பாட்ட முடியல."

"மழதானே" என்றேன். லயத்தில் பிறந்து, மலை ஊற்றிலிருந்து வரும் அந்தப் பீலித் தண்ணியில் வளர்ந்தவள் சொன்ன பதில் அது.

பத்து மணியளவில் மிஸ்ட் கலைந்தது. தம்பி கமராவை வைத்துக் குனிந்து பார்த்துவிட்டு, "அக்கா, இது கிழிஞ்சிருக்கே" என்றான்.

போய்ப் பார்த்தேன். நான் ஒரு மணி நேரத்துக்கு முன் ஒட்டிய புதுத் தாள். பசைகூட முழுதாகக் காயவில்லை. மேலிருந்து பாதி வரை நேராகப் பிளந்திருந்தது. நாங்கள் பார்த்துக்கொண்டு நிற்கும்போதே துணிக்கடையில் துணி கிழிக்கிற மாதிரி மெல்லிய சத்தம் கேட்டது. தாள் இன்னும் ஒரு விரல் அகலம் கிழிந்தது. பக்கத்தில் ஒரு கை இல்லை, காற்று இல்லை. கதவு பூட்டியபடியே இருந்தது. நிலைதான் சுவரோடு விலகிப் போய்க்கொண்டிருந்தது.

பயந்தேன். கால் பயந்தது முதலில், பிறகுதான் புத்தி. ஓடிப்போய் வேனில் ஏறிவிடலாமா என்ற நினைப்பும் வந்தது, ஒளிக்காமல் சொல்கிறேன். தம்பி கமராவை நகர்த்தவில்லை. "ஒரு ஷாட் எடுத்துக்கிறேனே அக்கா, இனி இப்படிக் கெடைக்காது" என்றான். நான் அவனுக்குச் சொன்னதை எழுத முடியாது. கமராவை வேனுக்குள் போட்டு மூடச் சொன்னேன். கமரா வெளியில் இருக்கும் வரை அந்தத் தோட்டத்தில் நான் சொல்வது எதுவும் படப்பிடிப்புத்தான்.

மகேஸ்வரியிடம் போய், "புள்ளயத் தூக்கு, கீழ எறங்கு, மண்ணு வருது" என்றேன். என் குரல் எனக்கே நடிப்பாகத்தான் கேட்டது.

அவள் சிரித்தாள். "நீங்களும் நடிக்கிறீங்களாக்கா இப்ப?"

"நடிக்கல மகேசு. நெசம்."

"முப்பத்தொண்ணு கழியலக்கா. பச்சப் புள்ளய எடுத்துக்கிட்டு எப்படிப் படி தாண்டுறது? மாமியா என்னயக் கொன்னுரும்."

கையைப் பிடித்து இழுக்கலாம் என்று நினைத்தேன். இழுத்தால் அவள் கத்துவாள், சண்டையாகும், நேரம்தான் போகும். பேசப் பேச நான் சொல்வது இன்னும் பொய்யாகும் என்பதும் தெரிந்தது. ஆகவே பேச்சை நிறுத்தினேன். அவள் அடுப்பு மூலையில் சுவரில் மேலிருந்து கீழ் வரை ஒரு வெடிப்பு இருந்தது. இன்னொரு பிரதியை எடுத்து, பசை தடவி, அந்த வெடிப்பின் குறுக்கே ஒட்டினேன்.

"நான் ஒண்ணும் சொல்லல. நீ இத மட்டும் பாத்துக்கிட்டு இரு."

உட்கார்ந்தோம். என் வாழ்க்கையில் அவ்வளவு நீளமான நேரம் வேறில்லை. மலை மேலே இருக்கிறது, நான் அதன் அடியில் ஒரு தாளைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருக்கிறேன். தொட்டிலில் குழந்தை சிணுங்கியது. மகேஸ்வரி வேறு வேலை இல்லாமல் தாளில் இருந்ததை வாய்விட்டு வாசித்தாள். பெரட்டில் ஏழு தடவை கேட்டுச் சிரித்ததுதான். இப்போது எழுத்துக் கூட்டி மெதுவாக வாசித்தாள். 'பிள்ளைகளைத் தூக்கிக்கொண்டு இறங்குங்கள்' என்ற இடத்தில் நிறுத்தினாள்.

"இத எழுதுனது நீங்கதானேக்கா?"

"எழுதுனது நான்தான். கிழிக்கிறது நானில்ல" என்றேன்.

தாளின் நடுவில் ஒரு சுருக்கம் விழுந்தது. இரண்டு பேர் ஆளுக்கொரு பக்கம் பிடித்து இழுப்பதுபோல் அது விறைத்தது. பிறகு அதே சத்தம். மகேஸ்வரி என் முகத்தைப் பார்க்கவில்லை. தொட்டிலிலிருந்து குழந்தையை அள்ளினாள், தலையில் ஒரு துண்டைப் போட்டாள், படியைத் தாண்டினாள். செருப்புக்கூடப் போடவில்லை.

லயத்தில் மிச்சம் இருந்த நாலைந்து பேரையும் டிரைவர் தட்டிக் கிளப்பி வேனில் ஏற்றினான். நான் கதவில் இருந்த கடிதத்தை இரண்டு பாதியாக உரித்து எடுத்துக்கொண்டு கொழுந்து நிறுக்கும் கொட்டகைக்கு ஓடினேன். கணக்கப்பிள்ளை அங்கேதான் நின்றார். தாளை நீட்டினேன். அவர் வாங்கவில்லை.

"நான் வாசிச்சா சிரிப்பாங்கக்கா. நேத்தும் சிரிச்சாங்க."

"வாசிக்காதீங்கண்ணே. மகேசு ஒம்பது நாள் புள்ளயோட ரோட்டுல நிக்கிறா. அத மட்டும் சொல்லுங்க."

அவர் மலையைப் பார்த்துத் திரும்பி, இரண்டு கையையும் வாயில் குவித்து, "மகேசு ஒம்பது நாள் புள்ளயோட ரோட்டுல நிக்கிறா" என்று கத்தினார். யாரும் சிரிக்கவில்லை. முப்பத்தொன்று கழியாத பிள்ளைத்தாய்ச்சி ரோட்டில் வந்து நிற்பதை எந்தப் படத்துக்காகவும் யாரும் செய்யமாட்டார்கள். கொழுந்துச் சாக்கை அப்படியப்படியே போட்டுவிட்டு இறங்கினார்கள். அவள் மாமியார்தான் முதலில் வந்தார்.

மலை பதினொரு மணி தாண்டியதும் இறங்கியது. அந்தச் சத்தத்தை எழுதத் தெரியவில்லை. கடைசி நாலு காம்பராவும் போய்விட்டன. தொட்டில் கட்டியிருந்த விட்டமும் அதில் போனது.

ஆட்கள் எல்லாரும் தப்பினார்கள் என்றுதான் ஊரில் சொல்வார்கள். நானும் வெளியில் அப்படித்தான் சொல்வேன். மகேஸ்வரியின் புருஷன் மலையிலிருந்து இறங்கிவந்து, பிள்ளையையும் பெண்சாதியையும் கண்ணால் பார்த்துவிட்டு, லயத்துக்குப் பின்னால் கட்டியிருந்த மாட்டை அவிழ்க்க ஓடினான். போகாதே என்று நான் கத்தினேன். கயிற்றை அவிழ்த்தும்விட்டான். மாடு ஓடிவந்துவிட்டது. அவனை இடுப்பு வரை மண் பிடித்துக்கொண்டது. உயிரோடு எடுத்தார்கள். வலது கால் போயிற்று.

ஸ்கூல் தரையில் பாய் போட்டுப் படுத்திருந்தபோது மகேஸ்வரி என் கையைப் பிடித்துக்கொண்டு கேட்டாள்.

"கதவு வெலகுறதப் பாத்த ஒடனே சொன்னீங்களாக்கா?"

"ஒடனே சொன்னேன்" என்றேன்.

"நல்லவேள" என்றாள்.

ஒன்பது மணிக்கு என் விரல் அந்த இடுக்கில் போனது. பத்து மணிக்குத்தான் வாயைத் திறந்தேன். நடுவில் ஒரு மணி நேரம். அந்த ஒரு மணி நேரத்தில் மாட்டை அவிழ்த்து, சாமான் எடுத்து, எல்லாரும் நடந்தே ஸ்கூலுக்குப் போயிருக்கலாம். அந்த நேரத்தில் நான் கிழிசலை மூடி, அதன் முன்னால் உட்கார்ந்து தேத்தண்ணி குடித்தேன்.

முப்பத்தொன்றாம் நாள் அந்த ஸ்கூலிலேயே பேர் வைத்தார்கள். ரைட்டர் அக்கா என்று அவர்கள் கூப்பிடும் நான்தான் தாம்பாளத்து அரிசியில் பேரை எழுத வேண்டும் என்று மகேஸ்வரி பிடிவாதம் பிடித்தாள். எழுதினேன். வலது கையால்தான் எழுதினேன், எழுத்து இடது கையில் எழுதியதுபோல் வந்தது. அதன் பிறகு எந்தப் படத்துக்கும் நான் கடிதம் எழுதவில்லை. கை நடுக்கம், வயதாகிவிட்டது என்று காரணம் சொன்னேன்.

ஆகவே உங்களுக்கு நான் சொல்லக்கூடியது ஒன்றுதான். நீங்கள் ஒட்டிய தாள் கிழிந்திருந்தால் அதன் மேல் இன்னொன்றை ஒட்டாதீர்கள். யார் கிழித்தது என்று கத்தவும் வேண்டாம். அது ஏன் கிழிந்தது என்று தெரியும் வரை கையைக் கட்டிக்கொண்டு நில்லுங்கள். காட்சி போனால் போகட்டும், டைரக்டர் ஏசினால் ஏசட்டும்.

அந்தக் குழந்தை இப்போது இரண்டாம் வகுப்பு. எல்லாவற்றையும் எழுத்துக் கூட்டி வாசிக்கிறாளாம், கடை போர்டு, மருந்துச் சீட்டு ஒன்றையும் விடுவதில்லையாம். போன வாரம் மகேஸ்வரி போன் எடுத்தாள். "பாப்பா அந்தக் காயிதத்தப் பாக்கணும்னு ஒரே நச்சரிப்புக்கா. சனிக்கெழம எடுத்துக்கிட்டு வாங்க" என்றாள்.

பெட்டியிலிருந்து அதை எடுத்து ஜன்னல் வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தேன். இரண்டு தாளும் ஒன்றோடொன்று ஒட்டிக் காய்ந்திருக்கின்றன. அடித்தாளின் கிழிசல் சரிவாகப் போகிறது. மேல்தாளின் கிழிசல் நேராகப் போகிறது. முதல் கிழிசலை யாரோ மூடியிருப்பது கண் இருக்கிற யாருக்கும் தெரியும். ஆவியில் காட்டினால் மேல்தாளை அலுங்காமல் பிரித்துவிடலாம், முப்பது வருடம் செய்த வேலை அது. இரண்டு தடவை அடுப்பில் தண்ணீர் வைத்தேன். இரண்டு தடவையும் அணைத்துவிட்டேன்.

சனிக்கிழமை அப்படியே கொண்டுபோகிறேன். பாப்பா அதை வெளிச்சத்தில் பிடித்துப் பார்ப்பாள், ஏன் ரெண்டு இருக்கு என்று கேட்பாள். அவள் அப்பாவும் வீட்டில்தான் இருப்பான்.